நகத்தில் இடறிய கோடு: 1976 கேப்ரிஸின் பவர் ஸ்டீயரிங் பம்ப்

வண்டியை வெளியே எடுத்ததும் திரும்பி வந்து கராஜ் தரையைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. முன்பக்கம் இடது சக்கரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கறை. துடைத்தால் மறுநாள் காலை மறுபடி இருக்கும். இரண்டு கோடைகாலம் இப்படியே போனது.

வண்டி 1976 ஷெவர்லே கேப்ரிஸ் கிளாசிக். 350 கன அங்குல வி8 இன்ஜின், அதாவது 5.7 லிட்டர். ஐந்தரை மீட்டருக்கு மேல் நீளம், எடை கிட்டத்தட்ட இரண்டு டன். அடுத்த ஆண்டே ஷெவர்லே இந்த வண்டியை நீளத்திலும் எடையிலும் நன்றாகக் குறைத்துவிட்டது. அதனால் பெரிய உடம்புக் கேப்ரிஸ்களில் கடைசி வருஷத்து வண்டி இது. மிஷிகனில் வேலைக்கு வந்த முதல் வருஷம் பக்கத்துத் தெருவில் இதே மாதிரி ஒன்று நிற்கும். அப்போதிலிருந்தே எனக்கு இந்த வண்டி மேல் ஆசை. வாங்கியபோது இன்ஜின் நன்றாக இருந்தது, தரைத்தகடு துருப்பிடிக்கவில்லை. ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்புவதற்கு ஆயிலை அழுத்தித் தரும் பவர் ஸ்டீயரிங் பம்ப் மட்டும் ஈரமாக இருந்தது. ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ஒரு ரப்பர் சீல்தானே, மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு சீலைச் சரியாக உட்கார வைக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

இந்தப் பம்புக்கு அமெரிக்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பேர் 'சாகினா பம்ப்'. சாகினா என்பது டெட்ராய்ட்டிலிருந்து ஏறத்தாழ 100 மைல் வடமேற்கே இருக்கும் ஊர். ஜெனரல் மோட்டார்ஸின் ஸ்டீயரிங் பிரிவு அங்கேதான் இருந்தது. பயணிகள் காரில் பவர் ஸ்டீயரிங் விற்பனைக்கு வந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியல் வண்டியில். அதற்கு 25 வருஷம் முன்பே, 1926இல், ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் அதைச் செய்து, தன் காரில் பொருத்தி, ஓட்டிக் காட்டியிருந்தார். ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டு, பொருளாதார மந்தத்தில் செலவு தாங்காது என்று கைவிட்டது. கிரைஸ்லர் முந்திக்கொண்டபின் மறு வருஷமே தானும் கொண்டுவந்தது. சாகினா பம்ப் அறுபதுகளில் வந்து அதன்பிறகு பல பத்தாண்டுகள் கார், வேன், லாரி என்று எதெதிலோ ஓடியது. எனக்கு அந்தப் பரவல் எவ்வளவு உதவியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் செய்த தவறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கசிவை நிறுத்தும் என்று டப்பாவில் விற்கும் ஒரு திரவத்தை ஊற்றினேன். அது பழைய ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும், அவ்வளவுதான். இரண்டு வாரம் சொட்டு குறைந்தது, பிறகு பழையபடி. அடுத்து ஆயில் பம்புக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸையும் அதன் கிளிப்பையும் மாற்றினேன். அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான், ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. ஆனால் கறை நிற்கவில்லை. போன அக்டோபரில் பம்பைக் கழற்றாமல், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியை மட்டும் எடுத்துவிட்டு, முன்பக்கத்து ஆயில் சீலைக் குத்தி எடுத்துப் புதிய சீலை அடித்து ஏற்றினேன். ஷாஃப்ட்டில் துரு தெரிந்தது. உப்புத்தாளை வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். மூன்று வாரம் தரை சுத்தமாக இருந்தது. நவம்பரில் முதல் பனி விழுவதற்குள் கறை திரும்பிவிட்டது.

ஏப்ரலில் மாமா வந்தார். என் மனைவியின் அப்பா. கோயம்புத்தூர் கணபதியில் முப்பது வருஷத்துக்கு மேல் பம்புசெட் ரிப்பேர் பட்டறை நடத்தியவர். வந்த மூன்றாம் நாள், வெளியே இன்னும் ஓரங்களில் பனி கிடக்கிறது, ஸ்வெட்டருக்கு மேல் என் கோட்டையும் போட்டுக்கொண்டு கராஜுக்குள் வந்து நின்றார். கறையைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ள, இது நிக்கறப்ப ஒழுகுதுங்களா, ஓடறப்ப ஒழுகுதுங்களா?"

இரண்டு வருஷத்தில் நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. வேலையில் பாதி அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது என்று இப்போது சொல்வேன்.

ஏன் என்றால், இந்தப் பம்பின் உடம்பு முழுக்க ஒரு தகர டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. டப்பாதான் ஆயில் தொட்டி. உள்ளே ஒரு ரோட்டர், அதில் பத்துப் பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. ரோட்டர் சுற்றும்போது தகடுகள் வெளியே வீசப்பட்டு, வட்டமாக இல்லாமல் கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கும் ஒரு வளையத்தை ஒட்டி ஓடும். தகடுகளுக்கு நடுவே மாட்டும் ஆயில் நெருக்கப்பட்டு அழுத்தமாக வெளியேறும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிப் பிடித்தால் அந்த அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டைத் தாண்டும். ஆனால் ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் சீலுக்கு அந்த அழுத்தம் போகாது. அதன் பின்னால் இருப்பது தொட்டியோடு சேர்ந்த சும்மா நிற்கும் ஆயில். ஆகவே அழுத்தமான ஹோஸில் ஓட்டை என்றால் இன்ஜின் ஓடும்போதுதான் பீச்சும். சீலோ டப்பாவின் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கோ போயிருந்தால், ராத்திரி சும்மா நிற்கும் வண்டியிலும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

என் வண்டி நின்றபோதுதான் ஒழுகியது.

சரி, இரண்டில் எது? மாமா பட்டறையில் வார்ப்பில் வெடிப்புத் தேடுவதற்கு ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவி வைப்பார்களாம். வெடிப்பு இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு கறுக்கும். இங்கே சுண்ணாம்பு இல்லை. பம்பை பிரேக் கிளீனர் அடித்து ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் கழுவினோம். காய்ந்ததும் அவர் தன் பெட்டியிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, பம்ப் முழுக்க வெள்ளையாகத் தூவினார். கீழே ஒரு அட்டையை விரித்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தோம். டப்பாவின் பின்பக்கம், போல்ட்டுகளைச் சுற்றி, எல்லாம் வெள்ளை. புல்லிக்குப் பின்னால், ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில், கீழ்ப்பக்கமாக ஒரு சிவப்புப் பிறை. நகத்தில் வைத்த மருதாணி மாதிரி, ஓரம் கூர்மையாக. அங்கிருந்து ஒரு கோடு இறங்கி பிராக்கெட்டின் நுனியில் சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆக, ஆறு மாதத்துக்கு முன் நான் போட்ட புதுச் சீல்தான். மாமா புல்லியை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தார். நான் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். லேசாக, மிக லேசாக, ஒரு ஆட்டம்.

"சீலு என்னங்க பண்ணும்? ஷாஃப்ட்டு ஆடுச்சுன்னா சீலு எங்கீங்க நிக்கும்?"

அன்றைக்கே கழற்ற ஆரம்பித்தோம். பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, கீழே தட்டு வைத்து ரிட்டர்ன் ஹோஸை உருவினால் ஆயில் தானாக வடியும். அழுத்தக் குழாயின் நட்டுக்குச் சாதா ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். அறுபக்கத்தில் ஐந்தைப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான் போட வேண்டும். குழாய் முனைகள் இரண்டையும் சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் அடைத்தோம். மாமா இதில் கண்டிப்பாக இருந்தார். ஒரு மணல் உள்ளே போனால் போதும் என்றார். பிராக்கெட் போல்ட்டுகளில் பின்னால் இருக்கும் ஒன்று மட்டும் படுத்தியது. வண்டிக்குக் கீழே படுத்து, கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தடவித்தான் அதைக் கழற்ற முடிந்தது. முன் பிராக்கெட்டின் போல்ட்டுகள் புல்லிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் பம்பைப் பிராக்கெட்டோடு சேர்த்தே வெளியே எடுத்தோம்.

புல்லி இந்த ஷாஃப்ட்டில் நட்டு போட்டு நிற்பதில்லை, இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்டது. அதற்கென்று ஒரு புல்லர் இருக்கிறது. புல்லியின் கழுத்தில் இருக்கும் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஷாஃப்ட்டைத் தள்ளும். உதிரிபாகக் கடைகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவலாகத் தருகிறார்கள். மூன்று கால் புல்லரைப் புல்லியின் விளிம்பில் மாட்டி இழுத்தால் விளிம்பு வளைந்துவிடும், அப்புறம் பெல்ட் ஆடிக்கொண்டே ஓடும். சுத்தியலால் தட்டவே கூடாது. அடி ஷாஃப்ட் வழியாக நேராக உள்ளே இருக்கும் தட்டுகளில் போய் விழும்.

பம்பை ஷாஃப்ட் கீழே பார்க்க வைஸில் மென்மையாகப் பிடித்துக்கொண்டு, பின்னால் அழுத்தக் குழாய் வந்து சேரும் இணைப்பான யூனியனைக் கழற்றினேன். அதற்குப் பின்னால் ஒரு வால்வும் ஸ்பிரிங்கும் வரும். எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு ஸ்டட் போல்ட்டுகளையும் எடுத்தபின் டப்பாவை ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் அது உடம்பை விட்டு மேலே வரும்.

இனி ஒரு சின்ன சூட்சுமம். பின் மூடியை ஒரு கம்பி வளையம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை நேராக நெம்பி எடுக்க முடியாது. உடம்பின் பக்கவாட்டில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இருக்கும். அதில் பஞ்ச் எனப்படும் மெல்லிய எஃகுக் கம்பியை விட்டுத் தள்ளினால் வளையம் பள்ளத்திலிருந்து ஒரு இடத்தில் உள்பக்கமாக எழும்பும். அந்த நேரத்தில் இன்னொரு கையால் ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்துச் சுழற்றி எடுக்க வேண்டும். மூடிக்குப் பின்னால் ஸ்பிரிங் இருப்பதால் அது மேலே துள்ளும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

ஷாஃப்ட்டின் முன் நுனியை மரக்கட்டையால் மெல்லத் தட்டினதும், ஷாஃப்ட், ரோட்டர், வளையம், இரு பக்கத் தட்டுகள் எல்லாம் ஒரே கொத்தாகப் பின்பக்கம் வந்தன. பழைய செய்தித்தாளை விரித்து, கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்தோம். உடம்புக்குள் ஒரு சின்ன வட்டக் காந்தம் இருக்கிறது. இரும்புத் தூளைப் பிடித்து வைப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே போட்டது. அதில் சாம்பல் நிறச் சேறு கொஞ்சம். இத்தனை வருஷத்துக்கு அது சாதாரணம். ஆனால் டப்பாவின் அடியில் காந்தத்தில் ஒட்டாத, பளபளக்கும் மெல்லிய தூள் இருந்தது. மாமா அதை விரலில் தொட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது புஷ்ஷுங்க."

ஷாஃப்ட் இந்தப் பம்பில் பேரிங்கில் ஓடுவதில்லை. உடம்பில் இறுக்கிய ஒரு புஷ்ஷில், அதாவது ஒரு உலோகக் குழலில், ஓடுகிறது. அந்தப் புஷ்ஷை உள்பக்கமிருந்து விரலால் தடவினால் பெல்ட் இழுக்கும் பக்கத்தில் மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. ஷாஃப்ட்டை எடுத்துத் துடைத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோனோம். கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மாமா கட்டைவிரல் நகத்தை வைத்து ஷாஃப்ட்டின் நீளவாக்கில் மெல்ல இழுத்தார். சீல் உட்காரும் இடத்தில் நகம் ஒரு முறை இடறியது. பிறகு என் கையில் கொடுத்தார். நானும் இழுத்தேன். டிக். மயிரிழை அகலத்தில் ஒரு வளையம், பழைய சீலின் உதடு ஐம்பது வருஷத்தில் அறுத்தது. இன்னும் கிட்டத்தில் பார்த்தபோது அந்த வளையத்தின் குறுக்கே மெல்லிய சாய்ந்த கீறல்கள் தெரிந்தன. அவை அக்டோபரில் நான் உப்புத்தாளால் போட்டவை.

அந்தக் கீறல்கள் என்ன செய்யும் என்பதை மாமா ஒரு போல்ட்டை எடுத்துக் காட்டித்தான் புரியவைத்தார். போல்ட்டின் மரை எப்படி நட்டைத் தள்ளிக்கொண்டு போகிறதோ, அப்படியே ஷாஃப்ட்டின் மேல் சாய்வாக விழுந்த கோடும் சுற்றும்போது ஆயிலைச் சீலுக்கு வெளியே இறைத்துக்கொண்டிருக்கும். சீல் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அதனால் தடுக்க முடியாது. சீல் ஓடும் இடத்தைத் தேய்ப்பதென்றால் மிக மென்மையான தாளைச் சுற்றிப் பிடித்து, ஷாஃப்ட்டை மட்டும் சுழற்ற வேண்டும். கை முன்னே பின்னே நகரவே கூடாது. நான் சரியாக அதற்கு நேர்மாறாகச் செய்திருந்தேன்.

புஷ் ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது? இதை நாங்கள் டீ குடித்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசினோம். போன வருஷம் வண்டியைப் பார்க்கிங்கில் திருப்பும்போதெல்லாம் பெல்ட் கீச்சிட்டது. நான் பெல்ட்டை இறுக்கினேன். மறுபடி கீச்சிட்டது, மறுபடி இறுக்கினேன். பெல்ட் கீச்சிட்டது தளர்ந்ததால் இல்லை. ஆயில் பட்டு வழுக்கியதால். வழுக்கிய பெல்ட்டை இறுக்க இறுக்க ஷாஃப்ட்டை அது ஒரு பக்கமாக இழுத்தது. புஷ் தேய்ந்தது, ஷாஃப்ட் ஆடியது, சீல் இன்னும் ஒழுகியது, பெல்ட் இன்னும் நனைந்தது. பம்புசெட்டிலும் இதேதான் என்றார் மாமா. ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் கிளாண்ட் கயிறு போட்ட பம்பில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழத்தான் வேண்டும், அந்தச் சொட்டுதான் கயிற்றைக் குளிர்விக்கிறது. தோட்டக்காரர்கள் அதைப் பார்த்துப் பொறுக்காமல் கிளாண்ட் நட்டை இறுக்குவார்கள். நின்றுவிடும். ஒரு மாதத்தில் கயிறு காய்ந்து ஷாஃப்ட்டில் வளையம் விழுந்து, பம்ப் பட்டறைக்கு வரும். "அப்பறம் ஸ்லீவு போட்டுக் குடுப்போம்" என்றார்.

ஸ்லீவ் இங்கேயும் உண்டு. தேய்ந்த ஷாஃப்ட்டின் மேல் ஏற்றுவதற்கு மெல்லிய எஃகு உறை விற்கிறார்கள். ஷாஃப்ட் மட்டும் கெட்டிருந்தால் அதையே போட்டிருப்பேன். ஆனால் புஷ்ஷும் போயிருக்கிறது. அந்தப் புஷ் தனியாகக் கிடைப்பதில்லை, உடம்போடு சேர்த்துத்தான். இங்கேதான் சாகினா பம்ப் எங்கும் பரவியிருந்தது கைகொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை நாமே கழற்றிக்கொள்ளும் பழைய வண்டிக் கிடங்குக்குப் போனோம். எண்பதுகளின் ஷெவர்லே வேன்கள் சிலவற்றில் அதே பம்ப். மாமா ஒவ்வொன்றின் புல்லியையும் அசைத்துப் பார்த்தார், சுழற்றிப் பார்த்தார், பெல்ட் மேல் விரலை வைத்து எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று பார்த்தார். மூன்றாவது வேனில்தான் தலையாட்டினார். முப்பது டாலருக்குள் முடிந்தது.

வீட்டில் வந்து பிரித்தபோது அந்த ஷாஃப்ட்டில் நகம் எங்கும் இடறவில்லை. புஷ் வட்டமாக இருந்தது. ஆனால் முழுப் பம்பையும் அப்படியே என் வண்டியில் மாட்டக்கூடாது. அழுத்தத்தையும் ஆயில் அளவையும் தீர்மானிப்பது யூனியனில் இருக்கும் சின்னத் துளையும் அதன் பின்னால் இருக்கும் வால்வும். வண்டிக்கு வண்டி அவை வேறு. வேனுடையதைப் போட்டால் ஸ்டீயரிங் கனமாகலாம், அல்லது கையில் நிற்காத அளவுக்கு லேசாகலாம். டப்பாவின் கழுத்தும் வேறு திசையில் இருந்தது. அதனால் வேனிலிருந்து உடம்பும் ஷாஃப்ட்டும் மட்டும். வால்வு, யூனியன், டப்பா என்னுடையவை. ரோட்டர், தகடுகள், வளையம் மூன்றும் ஒன்றோடொன்று ஓடிப் பழகியவை, அவற்றைக் கலக்கக் கூடாது. என்னுடைய வளையத்தின் உள்பக்கம் வழுவழுப்பாகவே இருந்ததால் என் தொகுப்பையே வைத்துக்கொண்டேன்.

பொருத்தும் வேலைக்கு ஒரு முழு மாலை ஆயிற்று. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, கம்பரசர் காற்றில் ஊதினோம். துணியால் துடைக்க மாமா விடவில்லை, நூல் ஒட்டும். புதிய சீலை, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் உள்ளே பார்க்க, ஒரு அங்குல சாக்கெட்டை மேலே வைத்து நேராக அடித்து இறக்கினேன். கோணலாக இறங்கினால் எடுத்து வீச வேண்டியதுதான். ஷாஃப்ட் உள்ளிருந்து முன்பக்கம் வரும்போது அதன் நுனியில் இருக்கும் பிசிறு சீலின் உதட்டைக் கிழிக்கும். அதனால் நுனியைத் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு சுற்று டேப் ஒட்டி, சீலின் உதட்டில் ஆயில் தடவி, சுழற்றிக்கொண்டே தள்ளினோம். வெளியே வந்ததும் டேப்பை உரித்துவிட்டோம்.

ரோட்டரில் குழிவாக இருக்கும் முகம் புல்லிப் பக்கம் பார்க்க வேண்டும். வளையத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது தெரியும் பக்கம் பின்னால் வர வேண்டும். தகடுகளைப் போடும்போது மாமா ஒவ்வொன்றையும் விரல் நுனியில் உருட்டிப் பார்த்துப் போட்டார். ஒரு ஓரம் தட்டையாக இருக்கும், ஒரு ஓரம் உருண்டிருக்கும். உருண்ட ஓரம் வெளியே, வளையத்தைத் தொட்டு ஓட வேண்டும். பத்தில் ஒன்று திரும்பிப் போனாலும் வளையத்தில் கோடு விழும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தொட்டே பத்தையும் போட்டு முடித்தார்.

பின் மூடியின் ஓ-ரிங்குக்கு ஆயில் தடவி, மூடியை ஜி-கிளாம்பால் ஸ்பிரிங்குக்கு எதிராக அழுத்திப் பிடித்துக்கொண்டு கம்பி வளையத்தைப் பள்ளத்தில் உட்கார வைத்தேன். வளையத்தின் வாய் அந்தச் சின்னத் துளைக்கு நேராக வரக்கூடாது. டப்பாவுக்கு, ஸ்டட்டுகளுக்கு, யூனியனுக்கு என்று எல்லா ஓ-ரிங்கும் புதியவை. யூனியனும் ஸ்டட்டுகளும் 35 அடி-பவுண்டு இறுக்கம். புல்லியை ஏற்றுவதற்கும் தனிக் கருவி உண்டு. அதன் திருகு ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கும் மரையில் இறங்கிப் பிடித்துக்கொண்டு புல்லியைத் தள்ளும். புல்லியின் முகமும் ஷாஃப்ட்டின் நுனியும் சமமாக வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

வண்டியில் மாட்டியபின், புதுப் பெல்ட். பழையது ஆயிலில் ஊறிப்போனது, அதை மறுபடி போடுவது செய்த வேலையைக் கெடுப்பது. இறுக்கும்போது டப்பாவில் கம்பியைக் கொடுத்து நெம்பக்கூடாது. அது வெறும் தகரம், நசுங்கினால் ஓ-ரிங் ஒழுகும். பிராக்கெட்டின் தடித்த பகுதியில்தான் நெம்ப வேண்டும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும் அளவுக்கு விட்டோம். எனக்கு அது தளர்வாகத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க மாப்பிள்ள, விடுங்க" என்றார்.

அடுத்து காற்றை வெளியேற்றுவது. பழைய சொந்தக்காரர் சிவப்பு ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனுக்கான ஆயில், ஊற்றியிருந்தார். ஹோஸ்களையும் ஸ்டீயரிங் கியர் பாக்ஸையும் அலசி அதையெல்லாம் வெளியேற்றிவிட்டு, வெளிர் மஞ்சளாக இருக்கும் பவர் ஸ்டீயரிங் ஆயிலை நிரப்பினேன். முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினைப் போடாமலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்பினேன். மாமா தொட்டியின் வாயில் டார்ச் அடித்துக் குமிழி வருவதை எண்ணிக்கொண்டிருந்தார். இருபது தடவை. இடையில் இரண்டு முறை ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது. குமிழி நின்றதும் பத்து நிமிஷம் அப்படியே விட்டுவிட்டு இன்ஜினைப் போட்டோம். முதலில் ஒரு முனகல், உள்ளே கொஞ்சம் காற்று இருக்கிறது என்று அர்த்தம். இன்ஜினை நிறுத்தி நுரை அடங்கவிட்டு மறுபடி போட்டபோது அந்தச் சத்தமும் இல்லை. அந்த நேரத்தில் அவசரப்பட்டு ரெய்ஸ் பண்ணினால் காற்றும் ஆயிலும் கலந்து பால் மாதிரி ஆகிவிடும், அப்புறம் அரை நாள் காத்திருக்க வேண்டும். ஸ்டீயரிங்கைக் கோடியில் சில நொடிக்கு மேல் பிடிப்பதும் கூடாது, முழு அழுத்தமும் சூடாக மாறும்.

மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏரிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனேன். திரும்பும் வழியில் ஒரு பள்ளியின் வெறும் பார்க்கிங்கில் நிறுத்தி, அவரையே ஓட்டச் சொன்னேன். இடதுகைப் பக்கம் ஸ்டீயரிங், அவருக்குப் பழக்கமில்லை. நின்ற இடத்திலேயே ஒரே விரலால் சக்கரத்தை முழுக்கத் திருப்பினார். கீச்சென்ற சத்தம் இல்லை. மறுபடி ஒரு முறை மறுபக்கம் திருப்பினார். காதைச் சாய்த்து இன்ஜின் பக்கம் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார்.

மாமா ஜூனில் ஊருக்குத் திரும்பினார். 300 மைல் ஓடியபின் புதுப் பெல்ட் கொஞ்சம் நீண்டிருந்தது, அதே அரை அங்குலத்துக்குச் சரிசெய்தேன். வாரம் ஒரு முறை போனில் பேசும்போது பேத்தியை விசாரித்த கையோடு "அட்டை எப்படி இருக்குதுங்க?" என்று கேட்பார். கராஜில் பம்புக்குக் கீழே விரித்த அட்டை இப்போது செப்டம்பர் வரை சுத்தமாக இருக்கிறது.

போன வாரம் அட்டைக்கு வெளியே, இரண்டு அடி பின்னால், ஒரு சொட்டு பார்த்தேன். சிவப்பு. இந்த வண்டியில் இப்போது சிவப்பு ஆயில் இருக்கும் இடம் ஒன்றுதான், டிரான்ஸ்மிஷன். அதன் அடித்தட்டின் மூட்டை அடைக்கும் பான் கேஸ்கெட்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் கழுவிப் பவுடர் போட்டுப் பார்க்காமல் கையை வைப்பதாக இல்லை. பவுடர் டப்பாவை மாமா இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.